கோட் தைக்கத் துணி வாங்குவது எப்படி: எடையிலிருந்து பித்தான் வரை

முதல் கோட்டுக்கு நான் வாங்கியது மெல்டன் என்ற கனமான கம்பளித் துணி, அடர்நீலம். தொட்டால் கையை எடுக்க மனம் வராத துணி. மூன்று மீட்டரைத் தூக்கிக்கொண்டு வரும்போதே தோள் வலித்தது. அப்போதே யோசித்திருக்க வேண்டும். உடம்புப் பாகம், கை எல்லாம் ஒழுங்காகத் தைத்துவிட்டேன். காலரும் லேபலும் (காலருக்குக் கீழே மார்பின்மேல் வெளிப்பக்கம் மடிந்து விழும் பகுதி) சேரும் இடத்தில் மடிப்பின்மேல் மடிப்பாக எட்டு அடுக்கு வந்து நின்றபோது, வீட்டு மிஷினின் பாதம் அதற்குமேல் ஏற மாட்டேன் என்றுவிட்டது. இரண்டு ஊசிகள் உடைந்தன. மீதியைக் கையால்தான் தைத்து முடித்தேன். துணியில் ஒரு குறையும் இல்லை. என் மிஷினுக்கு ஏற்ற துணி இல்லை, அவ்வளவுதான்.

சட்டைத் துணியைக் கண்ணால் பார்த்தே வாங்கிவிடலாம். தவறினாலும் போவது ஒரு மாலைப்பொழுதுதான். கோட் அப்படி இல்லை. வெட்டி, முன்பக்கம் நிமிர்ந்து நிற்க உள்ளே கேன்வாஸ் வைத்து, லைனிங் போட்டு முடிக்கப் பல நாள் ஆகும். துணி தவறாகிவிட்டால் எந்தக் கைத்திறனும் அதைக் காப்பாற்றாது. அதனால் நிறத்தையும் பெயரையும் கடைசியில் தள்ளிவிட்டு, எடையை முதலில் பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

படி 1: கடைக்குப் போகும் முன் கோட்டை முடிவு செய்யுங்கள்

"கோட் துணி வேண்டும்" என்று கடையில் கேட்டால், அவர்களிடம் அதிகம் மிஞ்சியிருப்பதைத்தான் எடுத்துப் போடுவார்கள். அதற்கு முன் நீங்களே மூன்று விஷயங்களுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, எந்தக் குளிருக்கு? காய்ந்த குளிர், ஈரக் குளிர், காற்று மூன்றும் ஒன்றல்ல. காய்ந்த குளிருக்குக் காற்றைத் தனக்குள் பிடித்து வைக்கும் பொசுபொசுப்பான கம்பளி போதும். காற்றடிக்கும் இடத்தில் அதே துணி சல்லடை மாதிரி. நெருக்கமான நெசவோ, இறுக்கி முடித்த மெல்டனோ வேண்டும். தூறலில் நடக்க வேண்டியிருந்தால் கேபர்டீன் போல நெருங்கிய முறுக்கு நூல் துணி. இரண்டாவது, உள்ளே என்ன போடப்போகிறீர்கள்? மெல்லிய சட்டையா, கனத்த ஸ்வெட்டரா? மூன்றாவது, கோட் எப்படி விழ வேண்டும்? தோளில் நிமிர்ந்து நிற்கும் வெட்டு ஒரு துணியைக் கேட்கும். இடுப்பில் கயிறு கட்டி மடிப்பு மடிப்பாகத் தொங்கும் வெட்டு வேறு துணியைக் கேட்கும். விறைப்பான துணியில் தைத்த கயிறு கட்டும் கோட், அணிந்தவரைப் பெட்டிக்குள் வைத்தது போல் காட்டும்.

பேட்டர்னை (துணியை வெட்ட உதவும் காகித மாதிரியை) முதலில் வாங்கிவிட்டு அப்புறம் துணி தேடுவதுதான் நல்லது. துணியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற பேட்டர்ன் தேடியவர்களின் அலமாரியைப் பார்த்தால் காரணம் புரியும். என் அலமாரியிலும் அப்படி இரண்டு துண்டு கிடக்கிறது.

இன்னொரு வேலையும் கடைக்கு முன்பே: காடா துணியில் ஒரு மாதிரி தைத்துப் போட்டுப் பாருங்கள். அளவு சரி செய்தபின் நீளம் கூடினாலோ, கை அகலமானாலோ, வாங்க வேண்டிய மீட்டரும் மாறும். உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரோடு சேர்த்துத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

படி 2: எடையைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

துணியின் எடையை இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது, இதைத்தான் ஜி.எஸ்.எம். என்கிறோம். மற்றது, தானிலிருந்து (கடையில் சுற்றி வைத்திருக்கும் முழுத் துணியிலிருந்து) ஒரு மீட்டர் நீளம் வெட்டினால் முழுப் பன்னாவோடு, அதாவது துணியின் முழு அகலத்தோடு, சேர்த்து எத்தனை கிராம் என்பது. கம்பளி மில்கள் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எழுதும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதிக்குப் பாதி தவறு வரும். 150 செ.மீ. பன்னாவில் நீள மீட்டருக்கு 600 கிராம் என்றால், 600-ஐ 1.5-ஆல் வகுக்க வேண்டும்: அது 400 ஜி.எஸ்.எம். துணி.

அவுன்ஸில் எழுதியிருந்தால் இன்னும் கவனம். கம்பளியில் அவுன்ஸ் என்றால் வழக்கமாக நீள கஜத்துக்கான கணக்கு. அதை 31-ஆல் பெருக்கினால் நீள மீட்டருக்கான கிராம் கிடைக்கும். 18 அவுன்ஸ் கோட்டிங் (கோட் துணி) என்பது கிட்டத்தட்ட 560 கிராம். டெனிம், கேன்வாஸ் போன்ற பருத்தித் துணிகளுக்குச் சொல்லும் அவுன்ஸோ சதுர கஜத்துக்கானது. அதை 34-ஆல் பெருக்கினால் நேராக ஜி.எஸ்.எம். வந்துவிடும்.

சரி, எவ்வளவு எடை வேண்டும்? சூட் தைக்கும் கம்பளி ஏறக்குறைய 180 முதல் 230 ஜி.எஸ்.எம். கோட்டுக்கு அது போதாது. காற்றில் படபடக்கும், லேபல் உயிரில்லாமல் படுத்துக்கொள்ளும். லேசான கோட்டுக்கு 280-லிருந்து 350 வரை பாருங்கள். நல்ல குளிருக்கு 350-லிருந்து 450. அதற்கு மேல் 500, 600 என்று போனால் கடுங்குளிர் கோட். தைப்பவருக்கும் மிஷினுக்கும் பரீட்சை. முதன்முறை கோட் தைப்பவர்களுக்கு நான் சொல்வது 350-லிருந்து 400. அந்த எடையில் கம்பளி இஸ்திரிக்குப் பணிகிறது, தையலை மறைக்கிறது, காலர் முனையில் அடுக்குகளும் மலைபோல் குவிவதில்லை. கதகதப்பு இன்னும் வேண்டுமென்றால் உள்ளே ஓர் அடுக்கு சேர்த்துக்கொள்ளலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மிஷின் எதுவரை தாங்கும் என்பதையும் வீட்டிலேயே சோதித்துவிடுங்கள். வீட்டில் இருக்கும் கனமான பழைய கம்பளித் துண்டை எட்டு அடுக்காக மடித்து, 100-ஆம் எண் ஊசி போட்டு ஓட்டிப் பாருங்கள். பாதம் அதன்மேல் ஏறுகிறதா, தையல் விட்டுவிட்டு விழுகிறதா? அந்தத் துண்டை ஒரு பையில் போட்டுக் கடைக்கும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே எந்தத் துணியையும் அதோடு தடிமன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படி 3: எத்தனை மீட்டர்

பேட்டர்ன் உறையில் எழுதியிருக்கும் அளவுதான் தொடக்கம். முழங்கால் வரை வரும், ஒற்றை வரிசைப் பித்தான் கோட்டுக்கு 150 செ.மீ. பன்னாவில் நடுத்தர உடம்புக்கு இரண்டரையிலிருந்து மூன்று மீட்டர் ஆகும். கணுக்கால் வரை நீண்டாலோ, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இரட்டை வரிசையாக இருந்தாலோ மூன்றரை, நான்கு வரை போகும். பன்னா குறைந்தால் நீளம் கூடும். பன்னாவை அளக்காமல் மீட்டர் சொல்லக் கூடாது. கையால் நெய்த சில ட்வீட்கள் (முரட்டுக் கம்பளித் துணிகள்) 75 செ.மீ. அகலத்தில்தான் வரும், அதற்கு இரு மடங்கு நீளம் வேண்டும்.

இதற்கு மேல் மூன்று சேர்க்கைகள் உண்டு. ரோமம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும் துணியில் (கேஷ்மியர், வெலூர், கார்டுராய்) எல்லாப் பாகங்களும் ஒரே திசையில்தான் வெட்டப்பட வேண்டும். ஒன்றைத் தலைகீழாக வைத்தால் வெளிச்சத்தில் அந்தப் பாகம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும். இதற்கு அரை மீட்டர் கூடுதலாக எடுங்கள். கட்டம் போட்ட துணி என்றால், ஒரு கட்டம் முழுதாக முடிந்து மறுபடி தொடங்கும் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். பேட்டர்னில் பெரிய பாகங்கள் நீளவாக்கில் எத்தனை ஒன்றன்கீழ் ஒன்றாக வருகிறதோ, அத்தனை முறை அந்த நீளத்தைச் சேர்க்க வேண்டும். 12 செ.மீ. கட்டம், மூன்று பாகம் என்றால் 36 செ.மீ. பெரிய கட்டம் அழகுதான். ஆனால் பக்கத் தையலிலும் கையிலும் பையிலும் அதைப் பொருத்துவதற்குள் பொறுமை தீர்ந்துவிடும். முதல் கோட்டுக்கு வேண்டாம் என்பேன்.

மூன்றாவது, சுருக்கம். ஆவி பட்டதும் கம்பளி 3-லிருந்து 5 சதவீதம் வரை சுருங்கலாம். மூன்று மீட்டரில் அது 15 செ.மீ. வரை. மொத்தத்தையும் ஒரே தானிலிருந்து ஒரே தடவையில் வெட்டி வாங்குங்கள். "அப்புறம் வந்து அரை மீட்டர் வாங்கிக்கொள்ளலாம்" என்று நினைத்தால், அடுத்த தான் வேறு சாயத் தொட்டியிலிருந்து வந்திருக்கும். தனியாகப் பார்த்தால் ஒரே கறுப்புதான்; பக்கத்தில் வைத்தால் ஒன்று பச்சையடித்த கறுப்பு.

படி 4: என்ன நார்

கோட்டுக்குக் கம்பளியை மிஞ்ச இன்னும் எதுவும் வரவில்லை என்பது என் கட்சி. கதகதப்பு ஒரு காரணம்தான். தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஆவியாக உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. கசங்கினால் ஓரிரவு தொங்கவிட்டால் நிமிர்ந்துகொள்ளும். தைப்பவருக்கு இன்னும் பெரிய லாபம், ஆவியும் சூடும் கொடுத்தால் நாம் சொன்ன வடிவத்துக்கு வளையும் அதன் குணம். கை தைக்கும்போது தோள்பக்கத்தில் மிஞ்சும் துணியைச் சுருக்கம் தெரியாமல் உள்ளே அடக்கிவிடலாம். பாலியஸ்டரிடம் இந்தப் பேச்சு எடுபடாது.

அதற்காக நூறு சதவீதம் கம்பளிதான் என்று அடம்பிடிக்க வேண்டாம். 10-லிருந்து 20 சதவீதம் நைலான் கலந்த கோட்டிங், முழங்கையிலும் பை ஓரத்திலும் சீக்கிரம் தேயாது. பாலியஸ்டர் பாதிக்கு மேல் போனால்தான் எனக்குத் தயக்கம்: இஸ்திரிக்குப் பணியாது, பஞ்சு உருண்டைகள் கிளம்பினால் வலுவான நாரில் தொங்கிக்கொண்டு உதிராமல் நிற்கும். அக்ரிலிக் கலந்தது கடையில் மிக மிருதுவாக இருக்கும். ஒரு பருவம் போட்ட பிறகு பாருங்கள். மறுசுழற்சிக் கம்பளியில் நல்லதும் உண்டு, ஆனால் நார் குட்டையாக இருப்பதால் உருண்டை கட்டும் வாய்ப்பு அதிகம். உரசிப் பார்த்து வாங்குங்கள். கம்பளித் துணிகளில் காணும் வூல்மார்க் சின்னம் 1964-லிருந்து இருக்கிறது. சுத்தக் கம்பளி என்று வாய்மொழியாகச் சொல்வதைவிட அந்தச் சின்னமும் துணிக்கரையில் நெய்திருக்கும் எழுத்தும் நம்பகமானவை.

கேஷ்மியரும் ஒட்டக ரோமமும் தனி ரகம். ஒட்டக ரோமம் என்பது இரட்டைத் திமில் ஒட்டகத்தின் உள்ரோமம். அதன் இயற்கை நிறமே அந்தப் பழுப்பு. இரண்டும் எடைக்கு மீறிய கதகதப்பு தருபவை. ஆனால் தோள்பை உரசும் இடத்தில் சீக்கிரம் வழுக்கையாகிவிடும். தினமும் பையை மாட்டிக்கொண்டு அலைபவர்களுக்குக் கம்பளியோடு கலந்த கேஷ்மியர் போதும்.

"சூப்பர் 100", "சூப்பர் 120" என்று கரையில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது நாரின் மெல்லிமையைச் சொல்லும் எண். சூப்பர் 100 என்றால் நாரின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மேல் இருக்கக் கூடாது, எண் 10 கூடக் கூட அரை மைக்ரான் குறையும். மெல்லிய நார் சூட்டுக்கு அழகு. கோட்டுக்கு உழைப்புதான் முக்கியம். அதற்குச் சற்றே முரட்டு நார் நல்லது.

படி 5: துணிகளின் பெயர்கள், குணங்கள்

கம்பளித் துணியில் இரண்டு குடும்பங்கள். நாரைச் சீவி, குட்டை நாரை நீக்கி, ஒரே திசையில் வரிசையாக முறுக்கி நெய்வது வொர்ஸ்டட். வழவழப்பாக இருக்கும், நெசவு தெளிவாகத் தெரியும். குட்டை நாரும் நீண்ட நாரும் கலந்து தளர்வாக நூற்பது வூலன். பொசுபொசுவென்று காற்றைப் பிடித்து வைக்கும். பெரும்பாலான கோட் துணிகள் இரண்டாவது குடும்பம்.

மெல்டன் நெய்த பிறகு ஈரத்திலும் சூட்டிலும் அடித்து இறுக்கப்படும் துணி. இங்கிலாந்தின் மெல்டன் மோப்ரே என்ற ஊரால் வந்த பெயர். நெசவே தெரியாத அளவு இறுகிவிடுவதால் காற்று புகாது, வெட்டிய ஓரம் பிரியாது. அந்த ஒரு காரணத்தால் புதிதாகத் தைப்பவர்களுக்கு நண்பன்; தடிமன் காரணமாக எதிரி. 400-க்குள் கிடைத்தால் எடுங்கள்.

ட்வீட் தவறுகளை மன்னிக்கும் துணி. பல நிறப் புள்ளிகளும் முரடும் சேர்ந்து கோணல் தையலை மறைத்துவிடும். ஓரம் மட்டும் பிசிறு பிசிறாகப் பிரியும். ஹாரிஸ் ட்வீட் என்ற பெயரைப் பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று காக்கிறது: ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், தீவுக்காரர்கள் தங்கள் வீட்டில் கையால் நெய்ததாக இருக்க வேண்டும், அங்கேயே சாயமிட்டு நூற்ற சுத்தப் புதுக் கம்பளியாக இருக்க வேண்டும். துணியின் பின்புறம் உருண்டையும் சிலுவையும் கொண்ட முத்திரை இருக்கும். முத்திரை இல்லாமல் அந்தப் பெயரைச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

வேகவைத்த கம்பளி என்று ஒன்று கிடைக்கும். இது பின்னிய துணியைச் சுருக்கி ஃபெல்ட் போல ஆக்கியது. இழுத்தால் சற்று நீளும். லைனிங்கே இல்லாமல் லேசான கோட் தைக்க மிக வசதி, ஆனால் நிமிர்ந்த தோளுக்கும் கூரான லேபலுக்கும் ஒத்துவராது. பூக்ளே சுருள் நூலில் நெய்தது. அழகு, தளர்வு, பித்தான் காஜா போடும்போது தலைவலி. கேபர்டீன் 1879-இல் தாமஸ் பர்பெரி உருவாக்கிய நெருங்கிய சாய்கோட்டு நெசவு. மழைக் கோட்டுக்கு இன்றும் அதுதான். ஆனால் ஒவ்வொரு ஊசித் துளையும் தெரியும், அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால் பளபளத்துவிடும். தையலைப் பிரித்துப் பிரித்துத் தைப்பவராக இருந்தால் (நான் அப்படித்தான்) கேபர்டீனை இரண்டாவது கோட்டுக்கு வையுங்கள்.

படி 6: கடையில் கை செய்ய வேண்டிய வேலை

பகலில் போங்கள், அவசரமில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். காடா மாதிரியை வைத்து எழுதிய மீட்டர் கணக்கு, டேப், வெள்ளைக் கைக்குட்டை, அந்த எட்டு அடுக்குத் துண்டு, இவை பையில் இருக்கட்டும்.

முதலில் கண்ணை மூடிக்கொண்டு தொடுங்கள். வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் நிறம் கையை ஏமாற்றும். அப்புறம் துணியின் ஒரு மூலையைக் கழுத்திலும் தாடையின் கீழும் வைத்துப் பாருங்கள். விரலுக்கு மிருதுவாக இருக்கும் துணி கழுத்தில் குத்தும்; கோட்டின் காலர் உட்காரப்போவது அங்கேதான்.

அடுத்து ஒரு கைப்பிடி துணியைப் பத்து நொடி இறுக்கிக் கசக்கி விடுங்கள். நல்ல கம்பளி மெல்ல எழுந்து நிமிரும். கோடு விழுந்து அப்படியே கிடந்தால், உட்கார்ந்து எழும்போதெல்லாம் கோட்டின் பின்பக்கம் அந்தக் கோடுகளோடுதான் வரும்.

துணியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடியுங்கள். வெளிச்சம் ஒரே சீராகத் தெரிய வேண்டும். ஊசிமுனை அளவு வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தால் அந்துப்பூச்சி அரித்ததாக இருக்கலாம். பழைய இருப்பில் இது சாதாரணம். திட்டுத் திட்டாக அடர்த்தி மாறினால் நெசவு சீரில்லை.

இப்போது இரண்டு கட்டை விரல்களையும் அருகருகே வைத்து ஊடை இழை வாக்கில், அதாவது அகலவாக்கில், இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி இடைவெளி தெரிகிறதா? அப்படியானால் முதுகுத் தையலும் கையின் அக்குள் தையலும் நாளடைவில் வாய் திறக்கும். ஒருமுறை மிகத் தளர்வான நெசவில் ஆசைப்பட்டுத் தைத்த கோட்டில் ஒரே குளிர்காலத்தில் முழங்கை உப்பி நின்றது. அதிலிருந்து இந்தச் சோதனையை நான் தவறவிடுவதே இல்லை.

துணியின் முகத்தோடு முகத்தை வைத்து முப்பது தடவை அழுத்தி உரசுங்கள். பஞ்சு எழுந்து உருளத் தொடங்கினால், பையும் கையும் படும் இடங்களில் அதுதான் நடக்கும். கைக்குட்டையைச் சற்று ஈரமாக்கி ஓரத்தில் தேயுங்கள். அடர்நிறங்களில் கொஞ்சம் சாயம் வரலாம், கைக்குட்டையே நிறம் மாறினால் வைத்துவிடுங்கள். வெட்டிய ஓரத்தில் இரண்டு இழையை உருவினால், பிசிறு எவ்வளவு போகும் என்று தெரிந்துவிடும். அதிகம் பிரியும் துணிக்குத் தையல் ஓரத்தில் இரண்டு செ.மீ. விட வேண்டும், அதையும் மீட்டர் கணக்கில் சேருங்கள்.

இதெல்லாம் முடிந்து பிடித்திருந்தால்தான் தானைப் பிரித்து ஒன்றரை மீட்டர் இறக்கித் தரச் சொல்ல வேண்டும். தோளில் போட்டுக் கண்ணாடி முன் நில்லுங்கள். கீழே விழும் மடிப்புகள் வளைவாக, கனமாக விழுகின்றனவா, கூரை ஓடு போல் விறைத்து நிற்கின்றனவா? ஒரு மூலையை லேபல் போலக் குறுக்காக மடித்துப் பாருங்கள். இது எனக்கு மிகப் பிடித்த சோதனை. கோட்டுக்கு ஏற்ற துணி மடிப்பில் உருண்டு திரும்பும். ஏற்காதது காகிதம் போல முறியும், அல்லது துவண்டு விழும். கையை விட்டதும் அது என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருங்கள்.

தடிமனை எட்டு அடுக்குத் துண்டோடு ஒப்பிடுங்கள். நிறத்தை வாசலுக்கு எடுத்துச் சென்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். விளக்கில் கறுப்பாகத் தெரிந்தது வெளியே வந்ததும் அடர்நீலமாகிவிடுவது புதிதல்ல. கட்டமோ குறுக்குக் கோடோ இருந்தால், அந்தக் குறுக்குக் கோடு கரைக்குச் செங்குத்தாகப் போகிறதா என்று பார்க்கவும். இறுதி முடிப்பின்போது சில துணிகள் கோணலாக இழுபட்டுவிடும். அப்படி வந்ததை இஸ்திரியால் நேராக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வெட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். துணி மேசைமேல் ஓடும் ஒவ்வொரு மீட்டரையும் பாருங்கள். கரையில் சின்ன நூல் முடிச்சோ வண்ண இழையோ தொங்கினால், அந்த நேர்கோட்டில் எங்கோ குறை இருக்கிறது என்று மில்லே அடையாளம் வைத்திருக்கிறது என்று அர்த்தம். குறை எங்கே என்று தேடிப் பார்த்து, அதைத் தவிர்த்து வெட்டச் சொல்லுங்கள், அல்லது அந்த அளவு கூடுதலாகத் தரச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை, பெரும்பாலும் தந்துவிடுவார்கள்.

படி 7: வெளியே தெரியாதவை

மேல்துணிக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, லைனிங்கை மிச்சத்தில் வாங்குவது பரவலான தவறு. கோட்டில் முதலில் கிழிவது லைனிங்தான், அதுவும் அக்குளில். பாலியஸ்டர் டஃபெட்டா உழைக்கும், ஆனால் வியர்வை போக வழியில்லை, காய்ந்த குளிரில் ஒட்டிக்கொண்டு சடசடக்கும். விஸ்கோஸ் மிருது; ஈரத்தில் பலமிழக்கும், சுருங்கும். எனக்குப் பிடித்தது குப்ரோ. பருத்திக்கொட்டையில் ஒட்டியிருக்கும் குட்டை நாரிலிருந்து செய்வது. பட்டுபோல வழுக்கும், மூச்சுவிடும். எதை எடுத்தாலும் உங்கள் ஸ்வெட்டர் கையின்மேல் வைத்து இழுத்துப் பாருங்கள். வழுக்கிப் போகாத லைனிங், லைனிங்கே இல்லை. இரண்டிலிருந்து இரண்டரை மீட்டர் போதும். அரை மீட்டர் கூட வாங்கி வைத்தால் பின்னாளில் அக்குளை மாற்றலாம்.

கூடுதல் கதகதப்புக்கு, மேல்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவில் மெல்லிய ஃபிளானல் அடுக்கு வைக்கலாம். ஒரு பக்கம் சாட்டின், மறுபக்கம் ஃபிளானல் என்று ஒன்றாகவே வரும் லைனிங்கும் உண்டு. எதுவானாலும் அது உள்ளளவைத் தின்னும் என்பதால், காடா மாதிரி தைக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும்.

முன்பக்கத்துக்குக் கேன்வாஸ். குதிரை அல்லது ஆட்டு ரோமம் ஊடையாகப் போட்டு நெய்த கேன்வாஸ் வளைத்தால் துள்ளி நிமிரும். லேபலுக்கு உயிர் கொடுப்பது அதுதான். ஒட்டும் கேன்வாஸ் சுலபம், ஆனால் முழுத்துணியில் ஒட்டும் முன் சிறு துண்டில் ஒட்டி, ஆவி காட்டி, ஆறியபின் கொப்புளம் வருகிறதா என்று பாருங்கள். எந்த வகையானாலும் மேல்துணியைவிட லேசாக இருக்க வேண்டும். கேன்வாஸ் கேட்டால் பக்ரம் எடுத்துத் தருபவர்களும் உண்டு. அது பசையேற்றி விறைத்த துணி, பெல்ட்டுக்கும் தொப்பிக்கும் ஆகும், கோட்டின் மார்புக்கு ஆகாது.

மீதிச் சின்னச் சாமான்களை அதே நாளில் வாங்கிவிடுங்கள்: பைக்கு நெருங்கிய பருத்தித் துணி, தோள் பேட், ஓரம் இழுபடாமல் காக்கும் பருத்தி டேப், மேல்துணியைவிட ஒரு சாயல் அடர்ந்த பாலியஸ்டர் நூல். பித்தானை லைன் கணக்கில் சொல்வார்கள். 40 லைன் ஓர் அங்குலம், கோட்டின் முன்பக்கத்துக்கு அதைச் சுற்றித்தான் அளவு. கைக்கு 24 லைன். ஒன்றிரண்டு கூடுதலாக எடுங்கள். கனமான துணியில் முன்பித்தானுக்குப் பின்னால் உள்பக்கம் ஒரு சின்னத் தட்டைப் பித்தான் வைத்துத் தைத்தால் துணி கிழியாது. அதையும் மறக்க வேண்டாம்.

படி 8: கடைக்குப் போக முடியாவிட்டால்

இணையத்தில் கோட் துணி வாங்கலாம், ஆனால் மாதிரித் துண்டு வரவழைக்காமல் வேண்டாம். பெரிய துண்டாகக் கேளுங்கள். விரல் அகலத் துண்டில் கசக்கலாம், உரசலாம், விழும் விதம் தெரியாது. ஜி.எஸ்.எம்., பன்னா, நார் விகிதம் மூன்றும் எழுதாத விளம்பரத்தில் "கனமான, உயர்தர" என்ற சொற்களுக்கு ஒரு மதிப்பும் இல்லை. மாதிரித் துண்டின் நீள அகலத்தை அளந்து, சமையலறைத் தராசில் எடை போட்டால் ஜி.எஸ்.எம். நீங்களே கண்டுபிடிக்கலாம்: 10 செ.மீ. சதுரத் துண்டு 4 கிராம் என்றால் துணி 400.

நார் மேல் சந்தேகம் வந்தால் எரித்துப் பார்க்கலாம். தண்ணீர்த் தொட்டி அருகே, இடுக்கியில் சில இழைகளைப் பிடித்து நெருப்புக் காட்டுங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, நெருப்பை எடுத்ததும் அணைந்துவிடும். சாம்பல் விரலில் பொடியாகும். பருத்தி காகித வாடையோடு விறுவிறுவென்று எரியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும், ஆறும்வரை தொடாதீர்கள். கலப்புத் துணியில் இரண்டு குணமும் சேர்ந்து வரும். விகிதத்தை இதில் கண்டுபிடிக்க முடியாது.

படி 9: வீட்டுக்கு வந்ததும்

பையிலிருந்து அன்றே எடுத்துவிடுங்கள். மடிப்புக்கோடு ஊறிப்போனால் எடுப்பது கடினம். அப்புறம் ஓரத்தில் 10 செ.மீ. சதுரம் நூலால் குறித்து, ஆவி இஸ்திரியை மேலே பிடித்து நன்றாக ஆவி காட்டி, ஆறியபின் அளந்து பாருங்கள். பாவு வாக்கில் (நீளவாக்கில்) 3 மி.மீ. குறைந்திருந்தால் 3 சதவீதச் சுருக்கம். வெட்டும் முன் முழுத் துணிக்கும் இதே ஆவி வைத்தியம் வேண்டும். நீங்களே செய்யலாம், மாலை முழுக்க ஆகும். உலர் சலவைக்காரரிடம் கொடுத்து, சலவை வேண்டாம், ஆவி மட்டும் என்று தெளிவாகச் சொல்லியும் வாங்கலாம். ஒட்டும் கேன்வாஸ் தவிர லைனிங், பை துணி, டேப் எல்லாவற்றுக்கும் ஆவி காட்டிவிடுங்கள். மேல்துணி சுருங்காமல் லைனிங் மட்டும் சுருங்கினால் கோட்டின் கீழ் ஓரம் உள்பக்கம் இழுத்துக்கொள்ளும்.

ஆவி காட்டிய துணியை ஒரு நாள் தட்டையாக ஆறவிடுங்கள். ஈரம் இருக்கும்போது தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும். உடனே தைக்கப் போவதில்லை என்றால், பழைய வெள்ளை விரிப்பில் சுற்றி மூடி வையுங்கள்; அந்து அரிப்பது அழுக்கும் வியர்வையும் உள்ள கம்பளியைத்தான் அதிகம் என்றாலும், புதுத் துணியையும் விட்டுவைக்காது.

கத்தரியை எடுக்கும் முன் ஓரத்திலிருந்து கையகலத் துண்டு ஒன்றை வெட்டி, அதில் ஒரு காஜா, ஒரு மடிப்புத் தையல், கேன்வாஸ் ஒட்டிய ஒரு மூலை மூன்றையும் தைத்துப் பாருங்கள். ஊசி எண், தையல் நீளம், இஸ்திரிச் சூடு எல்லாவற்றையும் அந்தத் துண்டிலேயே சாக்பீஸால் எழுதி மிஷின் பக்கத்தில் குத்தி வையுங்கள். காலர் சேரும் இடத்துக்கு வரும்போது தேவைப்படும்.